ரயில் எஞ்சின் மேல் உட்கார்ந்து எடுத்த படம்

எனக்கு உயரம் ஆகாது. ஸ்டூல் மேல் ஏறி ஒட்டடை அடிப்பதென்றால்கூட யாராவது பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்து கதை பேசும்போது, நான் மட்டும் தள்ளி நின்று, "விழுந்துருவீங்க, இறங்குங்க" என்று கத்திக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட என்னை ராஜபாளையத்தில் ஒரு பழைய வீட்டு மொட்டை மாடியின் விளிம்பில், தெருப் பக்கம் காலைத் தொங்கப் போட்டு உட்கார வைத்தது என் வீட்டுக்காரரின் தொந்தி. இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டாமல் நான் விட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தோம். படம் எடுப்பது அவர். ரோலைக் கழுவுவது, பிரிண்ட் போடுவது, டச்சிங் பார்ப்பது நான். டச்சிங் என்றால், நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கிற பரு, மரு, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் பூசி மறைக்கிற வேலை. பிரிண்டில் முகம் மொழுமொழுவென்று வரும். என் பென்சில் படாமல் எந்தக் கல்யாணப் பெண்ணின் படமும் எங்கள் கடையை விட்டுப் போனதில்லை. மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்த்த பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிப்பதில்லை.

ஒரு பங்குனி மாதம், ஆண்டாள் கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிற வழியில் ஓர் அம்மா கடைக்குள் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மூட்டு வீங்கியிருந்ததால் வாசற்படி ஏறுவதற்குள் இரண்டு முறை நின்றார். உட்கார்ந்ததும் எங்கள் கண்ணாடிப் பெட்டியில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். அதில் பாதி என் மகளுடையது. தவழ்ந்தது, நின்றது, மொட்டை போட்டது, பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று ஓசிப் படத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

"உங்க பொண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

ராஜபாளையத்தில் அவருடைய மாமனார் கட்டிய வீடு. பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்ததையெல்லாம் அந்த மனுஷர் வீட்டு மாடியில் பொம்மைகளாக நிறுத்தி வைத்திருந்தாராம். ஒரு கொத்தனாரை வருஷக் கணக்கில் வீட்டோடு வைத்துக்கொண்டு, ரோட்டில் எதைப் பார்த்தாலும், "இதை மேல பண்ணி வையி" என்று சொல்லிவிடுவாராம். இப்போது வீடு கைமாறிவிட்டது. வாங்கினவர் திங்கட்கிழமை மாடியை இடிக்க ஆள் விடுகிறார். அதற்குள் அங்கே இருக்கிற பொம்மைகளைப் படம் எடுக்க வேண்டும்.

"அதுல ஒரு பிள்ள இருக்கு. சுவத்து மேல கைய ஊனி, தாடையத் தாங்கிக்கிட்டு, தெருவப் பாத்துக்கிட்டு நிக்கும். அது எம் மக," என்றார். "ஆறு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு, முப்பது வருஷமாச்சு. அது உசுரோட இருக்கையிலயே கொத்தனார் பண்ணுனது. எந்நேரமும் அவர் பின்னாலயேதான் மாடியில திரியும்."

"போட்டோ ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"எங்க மாமியா விடல. பிள்ளையப் படம் பிடிச்சா ஆயுசு கொறஞ்சுரும்னு சொல்லுவாக. அதனால படம் பிடிக்கல." அவர் மறுபடி என் மகளின் படங்களைப் பார்த்தார். "பிடிக்காமலே கொறஞ்சுபோச்சு. அந்தப் பொம்ம ஒண்ணுதான் அது முகம். பேத்து எடுத்துக் குடுன்னு கேட்டுப் பாத்தேன். சுவரோட சேத்துக் கட்டுனது, தொட்டா உதிந்துரும்னுட்டாங்க."

ராஜபாளையத்தில் ஸ்டூடியோவா இல்லை, ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அங்க இருக்கவங்களுக்கு எங்க கத தெரியும். ஐயோ பாவம்னு பாப்பாங்க. அது வேண்டாம். மத்த பொம்மை வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. அது முகம் தெளிவா வேணும்," என்றார்.

அந்த அம்மா போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு முகத்தைத் தவறவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் தொழிலின் தைரியம். இந்த முகத்துக்கு இன்னொரு நாள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரருக்கு வத்திராயிருப்பில் ஒரு கல்யாணம் எடுக்கிற வேலை. நேரத்தோடு வந்துவிடுவேன் என்று போனவர், மத்தியானம் இரண்டரைக்கு, கையில் இருந்த ரோலையெல்லாம் சம்பந்தி வீட்டாருக்கே செலவழித்துவிட்டு, பாயசம் சிந்திய சட்டையோடு வந்து சேர்ந்தார். மிச்சம் ஒரே ஒரு கருப்பு வெள்ளை ரோல். பன்னிரண்டு படம். வாங்கலாமென்றால் ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. "ஏட்டி, ஒத்த முகத்துக்குப் பன்னெண்டு போதாதா?" என்றார். பஸ்ஸில் நான் அவரிடம் பேசவே இல்லை. மலைக்கு மேலே சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கம் மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கும். சாயங்காலம் ஆகும் முன்னாலேயே வெயிலை விழுங்கிவிடும்.

தெருமுனை திரும்பியதும் வீடு தெரிந்தது. என் எரிச்சல் கொஞ்ச நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாடிச் சுவர் நெடுக ஒரு திருவிழாக் கூட்டமே நின்றது. அரைக்கால் சட்டை போட்ட போலீஸ்காரன் ஒருவன் லத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினான். ஒரு குரங்கு சோடா குடித்தது. கண்ணாடி போட்ட ஆந்தை பேப்பர் படித்தது. சைக்கிள்காரன் ஒருவனுக்கு முன்சக்கரம் விழுந்துபோய், அப்போதும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தான். மழைத் தண்ணீர் விழுகிற தூம்புகள் எல்லாம் கன்னத்தை உப்பிக்கொண்டிருக்கும் குண்டு ஆட்களின் தலைகள். மழை பெய்தால் தெருவில் போகிறவர்கள் மேல் துப்புவார்கள் போலிருக்கிறது. மேற்கு மூலையில், சுவரைத் தாண்டித் தெருவுக்கு மேலே துருத்திக்கொண்டு, ஒரு ரயில் எஞ்சின். அதற்கு அடுத்து, தாடையைத் தாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை.

எல்லாம் வெள்ளை. போலீஸ்காரன், குரங்கு, ஆந்தை எல்லாம் நீலம் கலந்த பளபளப்பான புதுச் சுண்ணாம்பு.

அந்த அம்மா வாசலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தார். "போட்டோ எடுக்க வாரீங்கன்னு நேத்தே ஆள விட்டு வெள்ள அடிச்சுட்டேன்," என்றார் பெருமையாக. "பாப்பாவுக்கு மட்டும் ரெண்டு கை கூட அடிக்கச் சொன்னேன். ஸ்டூடியோவுக்குப் போறதுன்னா பவுடர் போட்டுத்தான போவோம்?"

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊரில் யார் படம் எடுக்க வந்தாலும் முதலில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு டப்பா பவுடரை அப்பிக்கொள்வார்கள். முப்பது வருஷம் கழித்து மகளை முதல்முறையாகப் படம் எடுக்கப்போகிற தாயார், வேறு என்ன செய்வார். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

வீட்டுக்குள்ளே இருந்து மாடிக்குப் போகும் படிக்கட்டு ஒரு கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி ஏறி, கடைசியில் ஒரு சதுரத் துவாரத்தில் முடிந்தது. என் வீட்டுக்காரர் தலையை விட்டார், தோளை விட்டார், அதோடு நின்றுவிட்டார். வத்திராயிருப்புக் கல்யாணச் சாப்பாடு வேறு. மூச்சை இழுத்துப் பார்த்தார். நான் பின்னால் நின்று தள்ளிப் பார்த்தேன். கடைசியில் காலைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டியதாயிற்று. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"நானா? எனக்குக் கிறுகிறுன்னு வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கீழ பாக்காத. கேமராவுக்குள்ள பாரு," என்றார்.

என்ன வேதாந்தம். எங்கள் கேமரா ரெட்டை லென்ஸ் பெட்டி. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேலே திறந்திருக்கும் கண்ணாடிக்குள் குனிந்து பார்க்க வேண்டும். அதில் உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். தரையில் நின்று எடுக்கும்போதே இந்தப் பக்கம் நகர வேண்டியதற்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவேன். மாடி விளிம்பில் அப்படி நகர்ந்தால் நேரே தெருதான்.

ஆனாலும் ஏறினேன். அந்த அம்மா கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏறாமல் என்ன செய்வது.

மாடியில் சுவரோரம் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து போனேன். நிற்கத் தைரியம் இல்லை. பிள்ளையின் முதுகுதான் முதலில் தெரிந்தது. ரெட்டைச் சடை, பாவாடை, ஒரு கால் தரையிலும் ஒரு கால் எக்கியபடியும். முகம் முழுக்கத் தெருவைப் பார்த்து இருந்தது. மாடியில் எங்கே நின்றாலும் அந்த முகம் தெரியாது. தெருவில் நின்று எடுத்தால், எங்கள் லென்ஸுக்கு அது ஒரு கடுகு. பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த ரயில் எஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து திரும்பினால் மட்டுமே முகத்துக்கு நேராக வரலாம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, எஞ்சின் மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு, ஆட்டுக்குட்டியைப் பிடிப்பது மாதிரி அதன் புகைபோக்கியைக் கட்டிப்பிடித்தேன். பிறகு கண்ணைத் திறந்தேன்.

முகமே இல்லை. இரண்டு கைகளுக்கு நடுவில் வழவழவென்று ஒரு வெள்ளை உருண்டை. இரண்டு கை கூட அடித்த சுண்ணாம்பு கண்ணை மூடி, மூக்கை மூடி, வாயை அடைத்திருந்தது.

முற்றத்திலிருந்து குரல் வந்தது. "தெரியுதாம்மா? சிரிச்ச முகமா இருக்கும் பாருங்க."

"தெரியுதும்மா," என்றேன். வேறு என்ன சொல்வது.

"தண்ணி குடுங்க, தேங்கா நார் குடுங்க," என்று துவாரத்தைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்காரர் ஒரு வாளியைத் துவாரம் வழியாகத் தூக்கி வைத்தார். அதை எடுக்க மறுபடி எஞ்சினிலிருந்து இறங்கி, உட்கார்ந்தபடியே போய், உட்கார்ந்தபடியே இழுத்து வந்தேன். முந்தானையை நனைத்து முகத்தில் ஊற வைத்தேன். நாரால் மெல்லத் தேய்த்தேன். அழுத்தித் தேய்க்கப் பயம். உதிர்ந்துவிட்டால் எல்லாம் போச்சு. நேற்று அடித்த சுண்ணாம்பு என்பதால் கூழாகக் கரைந்து என் கை வழியாக ஒழுகியது. கண் குழியை விரல் நகத்தால் சுரண்டினேன். ஒரு கருவிழி தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. நெற்றியில் மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு. வாயைத் துடைத்தபோது சிரிப்பு வெளியே வந்தது. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. அந்தக் கொத்தனார் விழுந்த பால்பல்லைக்கூட விடாமல் செய்து வைத்திருந்தார். கன்னத்தில் மட்டும் எஞ்சின் புகை படிந்த மாதிரி ஒரு கருப்பு. அதைத் தேய்க்க நேரமில்லை. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கேமராவின் மேல்மூடியைத் திறந்து நெஞ்சோடு வைத்து, குனிந்து, கண்ணாடிக்குள் அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிற நேரம் பார்த்து, எனக்குக் கீழே எஞ்சின் புகைவிட ஆரம்பித்தது.

பொய் சொல்லவில்லை. அந்தப் பஞ்சு வியாபாரி சமையலறைப் புகைக்கூண்டைத்தான் எஞ்சினாகக் கட்டி வைத்திருந்தார். கீழே எங்களுக்காகக் காபி போட விறகு அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார்கள். வந்தவர்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் அனுப்பினால் அவர்களுக்கு மனசு ஆறாது. எனக்கு மூச்சு முட்டியது. கண் எரிந்தது. பிள்ளையின் முகம் புகைக்குள் போய்விட்டது.

"அடுப்ப அணைங்க. எனக்குக் காபி வேண்டாம், அடுப்ப அணைங்க," என்று கத்தினேன்.

"செத்த நேரம் இரும்மா, பால் பொங்கப் போகுது," என்று சமையலறையில் யாரோ சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் அடுப்பில் தண்ணீரையே ஊற்றிவிட்டார். அதில் இன்னும் ஒரு பங்கு புகை கூடியதுதான் மிச்சம். அது அடங்குவதற்குள் சூரியன் மலையைத் தொட்டுவிட்டது. ஆனால் அந்தக் கடைசி வெயில் பக்கவாட்டில் விழுந்து, மூக்குக்கு ஒரு நிழலும், உதட்டுக்கு ஒரு நிழலும் கொடுத்தது. மத்தியான வெயிலில் எடுத்திருந்தால் அந்த முகம் அப்படி எழும்பி நின்றிருக்காது. கை நடுங்கினால் படம் ஆடிவிடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன். மறுபடி எடுத்தேன். பன்னிரண்டையும் அந்த ஒரு முகத்துக்கே கொடுத்தேன். போலீஸ்காரனையும் ஆந்தையையும் அப்புறம் நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன், ஆனால் அப்போது தோன்றவில்லை. தெருவில் என் வீட்டுக்காரர் வந்து, எனக்கு நேர் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். பிடிக்க நினைத்தது என்னையா கேமராவையா என்று கேட்டால் இன்றுவரை சிரிக்கிறார்.

இறங்கி வந்ததும் அந்த அம்மா என் சுண்ணாம்புக் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்திருக்கா?"

"கழுவிப் பாத்தாத்தான் தெரியும்மா," என்றேன். சும்மா "வந்திருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு பொய்க்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்குப் போனதும் சாப்பிடக்கூட இல்லை. ரோலை மருந்தில் போட்டுவிட்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவள் மாதிரி தவித்தேன். புகைதான் வந்திருக்குமோ, கை ஆடியிருக்குமோ, ரோலே வெறுமையாக இருக்குமோ. ஈரத்தோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, பாதிப் படம் புகை, சிலது ஆட்டம். மூன்று படம் கூர்மையாக இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதில் நல்லதாக ஒன்றை எடுத்து டச்சிங்குக்கு வைத்தேன். அப்போதும் பயம் போகவில்லை. அந்தப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. அதன் கண்ணையோ மூக்கையோ தொட்டு, ஒரு மயிரளவு மாற்றிவிட்டால் அது வேறு யாரோ ஆகிவிடும். அதனால் முகத்தின் அமைப்பைத் தொடவே இல்லை. ஒட்டியிருந்த சுண்ணாம்புத் துணுக்குகளை மட்டும் சரிசெய்தேன். கன்னத்தில் இருந்த அந்தப் புகைக் கருப்பைப் பென்சிலால் பூசி எடுத்தேன். பிரிண்ட் போட்டுப் பார்த்தால், கழுவித் துடைத்த முகத்தோடு ஒரு பிள்ளை தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கே கொண்டுபோய்க் கொடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் போனபோது மாடியில் கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தெருவெல்லாம் சுண்ணாம்புத் தூசி. போலீஸ்காரன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். மேற்கு மூலையில் எஞ்சினும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்த அம்மா கீழே ஓர் அறையில், கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அடிக்கும் அவர் தோள் அசைந்தது.

படத்தைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது இல்லை, இது எம் பிள்ளை இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பொக்கைப் பல்லை விரலால் தொட்டார். "பல்லு. கெடந்து அழுதுச்சு அன்னைக்கு," என்றார். அப்புறம் கன்னத்தைத் தடவினார். படத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் இருக்கு. கன்னத்துப் பொட்டக் காணுமே?"

எந்தப் பொட்டு என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"கொத்தனார்கிட்ட நாந்தான் சொல்லி வைக்கச் சொன்னேன். எந்நேரமும் தெருவப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நிக்கிதே, போறவன் வாரவன் கண்ணு பட்டுருமேன்னு."

ஊரார் முகத்துக் கருப்பையெல்லாம் எடுத்து எடுத்துப் பழகிய கை, ஒரு தாய் வைத்த திருஷ்டிப் பொட்டையும் எடுத்துவிட்டிருந்தது. "புகைக் கரின்னு நெனச்சுட்டேம்மா. நாந்தான் எடுத்துட்டேன். பென்சில்தான், அழிச்சுரலாம். நாளைக்கே வேற பிரிண்ட் போட்டுக் கொண்டுட்டு வாரேன்," என்று குளறினேன்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்து மூட்டையை அவிழ்த்து, உள்ளே கையை விட்டுத் தேடி, ஒரு மைச் சிமிழை எடுத்தார். சுண்டுவிரலில் மையைத் தொட்டார். இடது கையால் படத்தின் ஓரத்தை, தாடை இருக்கிற இடத்தில், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஓடப்பார்க்கிற பிள்ளையை அப்படித்தான் நானும் பிடிப்பேன்.

"ஆடாம நில்லு, நா தல்லி," என்று, தன் வீட்டுத் தெலுங்கில் 'என் தாயே' எனக் கொஞ்சிக்கொண்டே கன்னத்தில் பொட்டை வைத்தார். விரலில் மிச்சம் இருந்த மையைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.